பிரஷரை எவ்வளவு இறக்குவது, எவ்வளவு வேகமாக இறக்குவது: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே காலையில் இரண்டு பேர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் கருவி காட்டியது 152/84. ஒருவர் பேருந்து ஓட்டுநர். வயது 54, பத்து ஆண்டுகளாக நீரிழிவு, சிறுநீரில் கொஞ்சம் புரதம் இறங்குகிறது. இன்னொருவர் 83 வயதுப் பாட்டி, கைத்தடியோடு வருபவர், முந்தைய ஆண்டில் இரண்டு முறை விழுந்திருந்தார். ஓட்டுநர் கேட்டார்: "இந்த வயசுக்கு இது பரவாயில்லைதானே டாக்டர்?" பாட்டியின் மகன் கேட்டது வேறு: "அம்மாவுக்கு எப்படியாவது 120க்குக் கொண்டு வந்துடணும் டாக்டர்."

அன்று ஓட்டுநருக்கு ஒரு மாத்திரையைக் கூட்டினேன். பாட்டிக்கு ஒன்றை நிறுத்தினேன்.

மகனுக்கு அன்று கோபம். அவர் மேல் தப்பில்லை. 152 என்றால் 152தானே, ஒருவருக்குக் கூட்டுவதும் ஒருவருக்குக் குறைப்பதும் எப்படி நியாயம் என்று யாருக்கும் தோன்றும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டை ஒன்றில் பல ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது இந்தக் கேள்வி வந்துவிடும். இங்கே 2021–2022 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. மூன்று பேரில் ஒருவருக்கும் மேல். அப்படியென்றால் நம் சொந்தத்தில் பிரஷர் மாத்திரை இல்லாத வீடே இருக்காது. அம்மா அப்பாவின் மாத்திரைப் பெட்டியை நிரப்புகிற பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு ஆழம் இறக்குவது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகமாக இறக்குவது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், இறக்க வேண்டியவர்களுக்கு இறக்காமல் விட்டுவிடுகிறோம், மெதுவாகப் போக வேண்டியவர்களை அவசரமாகத் தள்ளிவிடுகிறோம்.

படி 1: அந்த எண் உண்மையான எண்தானா?

சிகிச்சையைக் கூட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், அளந்ததை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது.

எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து, வரும் வழியில் ஒரு கோப்பியும் குடித்துவிட்டு, உட்கார்ந்த உடனே கையை நீட்டினால் வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் கோப்பி, தேநீர், சிகரெட், உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை, மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்றக் கூடாது. புஜம் பருமனாக இருப்பவருக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் ஆட்களில் பலருக்குப் பெரிய பட்டைதான் தேவை, கேட்டு வாங்குங்கள்.

மருந்தகத்தில் (கிளினிக்கில்) எடுத்த ஒரே ஒரு அளவை வைத்து நான் எதையும் மாற்றுவதில்லை (அபாயகரமாக ஏறியிருந்தால் தவிர). வீட்டில் ஏழு நாள் அளந்துவரச் சொல்வேன். காலையில் மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன்னால் இரண்டு முறை, இரவு படுக்கப் போகும் முன் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடம். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பார்க்க வேண்டும். மருந்தகத்தில் 140/90 என்பது வீட்டுக் கணக்கில் ஏறக்குறைய 135/85. புஜத்தில் சுற்றும் கருவி போதும். மணிக்கட்டில் கட்டுவது, கைக்கடிகாரத்தில் வருவது இவற்றை வைத்து மாத்திரையை முடிவு செய்ய மாட்டேன்.

சிலருக்கு டாக்டரைப் பார்த்தாலே ஏறிவிடும், வீட்டில் சரியாக இருக்கும். சிலருக்கு நேர்மாறாக, இங்கே ஒழுங்காக இருக்கும், வேலையிடத்தில் ஏறிக்கிடக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்தானது, யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

வீட்டில் பணிப்பெண்தான் பாட்டிக்கு அளந்து எழுதுகிறார் என்றால் அவரையும் ஒரு முறை அழைத்து வாருங்கள். எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று நேராக அவருக்கே காட்டிக்கொடுக்கிறோம். 170 வந்ததும் பயந்து, நல்ல எண் வரும்வரை ஆறு ஏழு முறை அளந்து, கடைசியாக வந்ததை மட்டும் எழுதிய குறிப்பேடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் திட்டு விழுமோ என்ற பயம்தான் காரணம். வருகிற எண்ணை அப்படியே எழுதலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று: மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குள் போகிறதா? மூன்று மாத்திரை எழுதியும் குறையவில்லை என்று நான்காவதை எழுதப்போகும்போது, முதல் மூன்றும் டப்பாவில் தூங்குவது தெரியவரும். குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், "வாரத்தில் எத்தனை நாள் மறந்துபோகும்?" என்று கேட்டால் உண்மை வரும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலிமாத்திரைகள், மூக்கடைப்பு மாத்திரைகள், தினமும் குடிக்கும் அதிமதுரக் கஷாயம் எல்லாமே பிரஷரை ஏற்றக்கூடியவை. அதிமதுரம் கூடவா என்று கேட்பார்கள். ஆமாம், தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கிவிடும்.

படி 2: இவருக்கு முன்னால் நிற்கிற ஆபத்து எவ்வளவு?

இரத்த அழுத்தத்தைக் குறைப்பது எண்ணுக்காக இல்லை. பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகம் கெட்டுப்போவது இவற்றைத் தடுக்கத்தான். ஆகவே அவை வரும் வாய்ப்பு எவருக்கு அதிகமோ, அவருக்கு ஒவ்வொரு புள்ளி குறைப்பும் கூடுதல் பலன் தரும்.

பத்து லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2002ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, 40 முதல் 69 வயதுக்காரர்களில் மேல் அளவு (முதல் எண்) 20 புள்ளி கூடும்போதெல்லாம் இதய நோயால் இறக்கும் ஆபத்து இரு மடங்காகவும், பக்கவாதத்தால் இறக்கும் ஆபத்து அதற்கும் மேலாகவும் ஆவதைக் காட்டியது. அந்த ஏற்றம் 140ல் தொடங்கவில்லை, 115லிருந்தே தொடங்கிவிட்டது. "இந்த வயசுக்கு இது பரவாயில்லை" என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். 54 வயதில் 152 பரவாயில்லாத எண் இல்லை.

நம் ஓட்டுநரைப் பாருங்கள். நீரிழிவு, சிறுநீரில் புரதம், மணிக்கணக்கில் உட்கார்ந்த வேலை. சிங்கப்பூரில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம், தெற்காசியர்களுக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது. அவருக்கு முன்னால் இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த முப்பது ஆண்டுகளுக்காகத்தான் மாத்திரையைக் கூட்டினேன்.

ஆபத்தைக் கணக்கிட நாங்கள் பார்ப்பவை: வயது, சர்க்கரை, கொழுப்பு, புகைப் பழக்கம், சிறுநீரக வேலை, சிறுநீரில் புரதம், ஏற்கெனவே வந்த மாரடைப்பு அல்லது பக்கவாதம், குடும்ப வரலாறு. ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்துகொண்டவர்களுக்கு ஒரே குடும்ப மருத்துவர் தொடர்ந்து பார்ப்பதில் பெரிய வசதி இதுதான். ஒவ்வொரு முறையும் புது ஆளிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

நாற்பது வயதுக்குள்ளேயே பிரஷர் அதிகம், அல்லது மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை, அல்லது பொட்டாசியம் குறைவாக இருக்கிறது என்றால், மாத்திரையைக் கூட்டும் முன் வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அட்ரீனல் சுரப்பி, சிறுநீரகம், உரத்த குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்திணறல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

படி 3: ஆய்வுகள் யாரைப் பற்றிப் பேசுகின்றன?

120 என்ற எண் எங்கிருந்து வந்தது? 2015ல் வெளியான ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்விலிருந்து. 50 வயதுக்கு மேற்பட்ட, இதய நோய் ஆபத்து கூடுதலாக உள்ள 9,361 பேர். அவர்களில் பாதிப் பேரின் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள், மீதிப் பேருக்கு 140க்குக் கீழே. முதல் குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை நாலில் ஒரு பங்கு குறைந்தன, இறப்பும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. பலன் தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். வேறு விதமாகச் சொன்னால், 61 பேருக்கு மூன்றே கால் ஆண்டுகள் அப்படிச் சிகிச்சை கொடுத்தால் அவர்களில் ஒருவர் ஒரு பெரிய பாதிப்பிலிருந்து தப்புகிறார்.

விலையும் இருந்தது. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவது, மயங்கி விழுவது, உப்புச்சத்துகள் மாறிப்போவது, சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படுவது எல்லாம் தீவிரக் குழுவில் கூடுதல். சிறுநீரகப் பாதிப்பு மட்டும் 2.5 விழுக்காட்டிலிருந்து 4.1 ஆனது. சராசரியாக ஒருவருக்கு மூன்று மாத்திரை தேவைப்பட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் இல்லை. பக்கவாதம் வந்தவர்கள் இல்லை. முதியோர் இல்லத்தில் வசிப்பவர்கள் இல்லை. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் மேல் அளவு 110க்குக் கீழே போனவர்களும் இல்லை. அளந்த விதமும் வேறு. ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு கருவியே தானாக மூன்று முறை அளந்து சராசரி எடுத்தது. வழக்கமான கிளினிக்கில் அதே ஆளுக்கு 5 முதல் 10 புள்ளி கூடக் காட்டலாம். ஆக, அவர்களின் 120 நம் கிளினிக்கின் 120 இல்லை. அவசரமாக அளந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 120க்கு இறக்கினால், உண்மையில் 110க்கு இறக்கிவிடுவோம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு? 2010ல் வந்த அக்கார்டு ஆய்வில் 120க்கு இறக்கியதால் மொத்தப் பாதிப்பு தெளிவாகக் குறையவில்லை, பக்கவாதம் மட்டும் குறைந்தது, பக்கவிளைவு கூடியது. அதனால் பல ஆண்டுகள் நாங்கள் தயங்கினோம். சீனாவில் 12,821 நீரிழிவு நோயாளிகளை வைத்து நடந்து, 2024ல் வெளியான பிபிரோட் ஆய்வில், 120க்குக் கீழ் என்ற இலக்கு பெரிய பாதிப்புகளை 21 விழுக்காடு குறைத்தது. அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவதும் பொட்டாசியம் ஏறுவதும் அங்கேயும் கூடின. ஓட்டுநர் விஷயத்தில் எனக்குத் தெளிவு வந்தது இந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

முதியவர்களுக்கு? 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சையே கூடாது என்று நினைத்த காலம் உண்டு. 2008ல் ஹைவெட் ஆய்வு அதை மாற்றியது. 150/80 என்ற மிதமான இலக்கே இறப்பை 21 விழுக்காடு குறைத்தது. ஸ்பிரிண்டில் 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் நல்ல பலன் கிடைத்தது. ஆகவே வயது மட்டுமே காரணமாகி யாரையும் விட்டுவிடக் கூடாது. 82 வயதில் தினமும் காலையில் பூங்காவில் நாலு சுற்று நடக்கிற தாத்தாவும், நாற்காலியிலிருந்து எழ ஆள் தேவைப்படுகிற தாத்தாவும் ஒரே வயதுக்காரர்கள்தான், ஒரே நோயாளிகள் இல்லை.

படி 4: எழுந்து நிற்கச் சொல்லுங்கள்

பாட்டிக்கு ஏன் நிறுத்தினேன் என்பதற்கு இப்போது வருகிறேன். உட்கார்ந்து அளந்தபோது 152. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் அளந்தேன்: 118. முப்பத்து நான்கு புள்ளி இறக்கம். எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. அவர் இரண்டு முறை விழுந்ததும் இரவில் கழிவறைக்கு எழுந்தபோதுதான்.

அதற்கு முன்னால் யாரும் அவரை நிற்க வைத்து அளந்ததில்லை. நானும்தான், மூன்று ஆண்டுகளாக. எண்ணைப் பார்த்தேன், மாத்திரையைக் கூட்டினேன், அவர் விழுந்தார். இரண்டாவது முறை விழுந்தபோது மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகுதான் 65 வயதைத் தாண்டிய யாருக்கும், நீரிழிவு உள்ள யாருக்கும், மாத்திரையைக் கூட்டும் முன் நிற்க வைத்து அளக்காமல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இதில் நம் மொழிக்கும் பங்கு இருக்கிறது. நம் பெரியவர்கள் "மயக்கமா வருது" என்பார்கள். தலைசுற்றலுக்கும் அதே சொல், நினைவு தப்பி விழுவதற்கும் அதே சொல். சிலர் "கிறுகிறுன்னு வருது" என்பார்கள், சிலர் "கண் இருட்டிக்கிட்டு வருது", பலர் "ஒரு மாதிரியா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பலதுறை மருந்தகத்தில் பிள்ளையோ பேரனோ அதை ஆங்கிலத்தில் 'களைப்பாக இருக்காங்க' என்கிற மாதிரி மாற்றிச் சொல்லும்போது எல்லாமே போய்விடுகிறது. மொழிபெயர்க்கிறவர்களே, தயவுசெய்து மூன்றைக் கேட்டுச் சொல்லுங்கள்: எழுந்திருக்கும்போது வருகிறதா, படுத்திருக்கும்போதும் வருகிறதா, விழுந்ததுண்டா? எழும்போது கண் இருட்டுவது என்ற ஒரே வாக்கியம் எங்கள் முடிவையே மாற்றிவிடும்.

கீழ் அளவையும் பாருங்கள். வயதானவர்களுக்கு இரத்தக் குழாய் விறைத்துப்போவதால் மேல் அளவு ஏறிக்கிடக்கும், கீழ் அளவு தானாகவே இறங்கியிருக்கும். 150/58 மாதிரி. இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் வேளையில்தான் போகிறது. இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்குக் கீழ் அளவு 60க்குக் கீழே போனால் நான் வேகத்தைக் குறைத்து, நெஞ்சுவலி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போவேன்.

படி 5: இலக்கை முடிவு செய்து எழுதி வையுங்கள்

நாட்டுக்கு நாடு வழிகாட்டு நெறிகள் ஒத்துப்போவதில்லை. 2017ல் அமெரிக்கர்கள் 130/80க்குக் கீழ் என்றார்கள். பிரிட்டனில் 80 வயதுக்குக் கீழ் 140/90, அதற்கு மேல் 150/90. 2024ல் ஐரோப்பியர்கள் தாங்க முடிந்தால் 120 முதல் 129 வரை என்றும், 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் உடல் மிகவும் தளர்ந்தவர்களுக்கும் தளர்வான இலக்கு என்றும் சொன்னார்கள். கூர்ந்து பார்த்தால் எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: தாங்குகிறவருக்கு 130க்குக் கீழ், தாங்காதவருக்கு அவர் தாங்கும் அளவு.

நான் செய்வது இது. நடமாட்டம் நன்றாக உள்ள, ஆபத்து கூடுதலாக உள்ள 50, 60, 70 வயதுக்காரர்களுக்கு 130க்குக் கீழ் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கவிளைவு இல்லாமல் 120களில் நின்றால் இன்னும் நல்லது. 80 தாண்டியும் சுறுசுறுப்பாக இருப்பவருக்கு முதலில் 150க்குக் கீழே, அங்கே ஒரு மாதம் நன்றாக இருந்தால் 140, பிறகு நிற்கும் அளவைப் பார்த்து 130கள். விழுகிறவர், மறதி நோய் முற்றியவர், படுக்கையோடு இருப்பவர் இவர்களுக்கு நிற்கும்போது வருகிற அளவுதான் என் இலக்கு, உட்காரும் அளவு எனக்கு இரண்டாம் பட்சம். ஆபத்து எதுவும் இல்லாத நாற்பது வயதுக்காரருக்கு 134 என்றால் மாத்திரையைத் தேடி ஓட வேண்டாம், உப்பையும் எடையையும் முதலில் பார்ப்போம்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. கர்ப்பமாகத் திட்டமிட்டாலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், லோசார்ட்டன், எனாலாபிரில் வகைப் பிரஷர் மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் சாப்பிடக் கூடாது.

படி 6: வேகம்

மூளை தன் இரத்த ஓட்டத்தைத் தானே சமன்படுத்திக்கொள்கிறது. அழுத்தம் ஏறினால் குழாயைச் சுருக்கும், இறங்கினால் விரிக்கும். பல ஆண்டுகள் உயர் அழுத்தத்திலேயே வாழ்ந்தவருக்கு அந்தச் சமன்பாடு மேலே நகர்ந்துவிடுகிறது. அவருடைய மூளைக்கு 170தான் பழக்கம். அதை ஒரே வாரத்தில் 125க்கு இறக்கினால், மற்றவருக்கு இயல்பான எண் அவருக்குப் பற்றாக்குறை. தலை பாரம், தள்ளாட்டம், குழப்பம் வரும். சில வாரங்கள் மாதங்கள் அவகாசம் கொடுத்தால் மூளை புதிய அளவுக்குப் பழகிக்கொள்ளும். இறக்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை, படிக்கட்டில் இறங்க வேண்டும், ஜன்னல் வழியாகக் குதிக்கக் கூடாது என்று பொருள்.

மருத்துவ உலகம் இதை வலியோடு கற்றது. ஒரு காலத்தில் பிரஷர் அதிகமாக வந்தவருக்கு நிஃபெடிபின் குளிகையை ஓட்டைபோட்டு நாக்கடியில் விடுவது வழக்கம். எண் சில நிமிடங்களில் இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அப்படி இறக்கியதாலேயே சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. 1996 வாக்கில் அதற்கு எதிராகக் கடுமையான எச்சரிக்கைகள் வந்து அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

ஆகவே இரவு பத்து மணிக்கு அம்மாவுக்கு 185 காட்டுகிறது, ஆனால் அவர் நன்றாகப் பேசுகிறார், வலியில்லை என்றால் கூடுதல் மாத்திரை கொடுக்காதீர்கள். உட்கார வைத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். அன்றைய மாத்திரை மறந்துபோயிருந்தால் அதைக் கொடுங்கள். ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள். எண் 180/120ஐத் தாண்டி, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, குழப்பம், வாய் கோணல், கை கால் பலமிழப்பு, பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 995 (அவசர ஆம்புலன்ஸ்). வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தால் எண் என்னவாக இருந்தாலும் 995தான். அங்கேயும்கூட பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தை நாலில் ஒரு பங்குக்கு மேல் இறக்க மாட்டார்கள். பெருநாடி கிழிவது போன்ற ஒரு சில நிலைகள்தான் விதிவிலக்கு.

இரத்தக் கட்டியால் பக்கவாதம் வந்து வார்டில் இருப்பவரின் பிள்ளைகள் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். "200 காட்டுது, ஏன் மாத்திரை கொடுக்கவில்லை?" கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்காத நிலையில், முதல் நாட்களில் 220/120 வரை விட்டுவைப்பது வழக்கம். அடைப்பைச் சுற்றியுள்ள மூளைப் பகுதி அந்த அழுத்தத்தால்தான் உயிர் பிழைத்துக் கிடக்கிறது. மூளையில் இரத்தம் கசிந்த பக்கவாதம் என்றால் கதையே வேறு, அங்கே விரைவாக இறக்குவார்கள். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாதாரண நோயாளிக்கு என் வேகம்: இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு மாற்றம், மூன்று மாதத்தில் இலக்கு. தளர்ந்தவருக்கு அதில் பாதி வேகம். ஆனால் மெதுவாகப் போவதும் அப்படியே விட்டுவிடுவதும் ஒன்றில்லை. "அடுத்த முறை பார்ப்போம்" என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை 150ஐப் பார்த்துக்கொண்டே இரண்டு ஆண்டுகள் ஓட்டுவதுதான், அவசரமாக இறக்குவதைவிட அதிகம் நடக்கிற தவறு.

படி 7: எதை, எப்படிக் கூட்டுவது

ஒரு மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகையில் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது சுமார் ஐந்து மடங்கு பலன் தரும். பக்கவிளைவும் குறைவு. "ரெண்டாவது மாத்திரையா, நோய் முத்திடுச்சா டாக்டர்?" என்று பயப்படத் தேவையில்லை.

அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம், எனாலாபிரில் வகையில் வறட்டு இருமல் வரலாம், நீர் பிரியும் மாத்திரையில் சோடியம், பொட்டாசியம் இறங்கலாம். சிறுநீரில் புரதம் உள்ளவருக்கு லோசார்ட்டன் மாதிரியானவை முதலில். தொடங்கி ஓரிரு வாரத்தில் பொட்டாசியமும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) 30 விழுக்காடு வரை ஏறினால் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை.

வேலையையும் கேட்க வேண்டும். ஓட்டுநருக்கு நீர் பிரியும் மாத்திரையைக் காலை ஐந்து மணி ஷிப்டுக்கு முன்னால் கொடுத்தால், நடுவழியில் அடக்கிக்கொண்டு தவிப்பார், பிறகு வேலை நாட்களில் மாத்திரையையே விட்டுவிடுவார். அதனாலும்தான் அவருக்கு லோசார்ட்டனைச் சேர்த்தேன். காலையா இரவா என்று பலர் கேட்கிறார்கள். 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2022ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காத நேரம் எதுவோ அதுதான் சரியான நேரம்.

உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. 2022 தேசியச் சத்துணவுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரர் சராசரியாக ஒரு நாளில் 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார், பரிந்துரைக்கப்படுவது 2,000. நம் பக்கம் ஊறுகாய், அப்பளம், கருவாடு, அப்புறம் உணவங்காடி நிலையத்தில் மீ சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பது. பரோட்டாவுக்குக் குழம்பை ஊற்றாமல் தொட்டுக்கொள்வது, சூப்பைக் கிண்ணத்திலேயே விடுவது, இந்த இரண்டும் மாத்திரையின் வேலையில் கொஞ்சத்தைச் செய்துவிடும். கடையில் கிடைக்கும் குறைசோடிய உப்பு நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களும் லோசார்ட்டன், எனாலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்களும் கேட்காமல் மாற வேண்டாம்.

படி 8: எப்போது தளர்த்துவது

ஒருமுறை கூட்டிய மாத்திரை ஆயுள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும் என்றில்லை. எடை குறைந்தால், சாப்பாடு குறைந்தால், வயது ஏறினால் தேவை மாறும். மூத்தவர்களின் மாத்திரைப் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்து வைத்து, எதை நிறுத்தலாம் என்ற கண்ணோடு பார்க்க வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர்கூட குடிக்க முடியாத நாட்களில் நீர் பிரியும் மாத்திரையையும் லோசார்ட்டன், எனாலாபிரில் வகைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். கிளினிக்கிற்குத் தொலைபேசியில் கேளுங்கள், சரியாகச் சாப்பிடத் தொடங்கிய ஓரிரு நாளில் மறுபடி தொடங்கலாம். பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்றவற்றைத் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறும்.

நோன்பு மாதத்திற்கு முன்னாலும், தைப்பூசத்துக்கு விரதம் இருந்து இந்த வெயிலில் காவடியோடு நாலு கிலோமீட்டர் நடப்பதற்கு முன்னாலும், ஒரு மாதம் இருக்கும்போதே வந்து பேசுங்கள். மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றித் தர முடியும். வேண்டாம் என்று தடுத்துவிடுவோம் என்று பயந்து சொல்லாமல் போனவர்களைத்தான் பிறகு முதலுதவிக் கூடாரத்தில் பார்க்கிறோம்.

ஓட்டுநர் மூன்று மாதத்தில் வீட்டு அளவில் 126/76க்கு வந்தார், சிறுநீரில் புரதமும் குறைந்தது. பாட்டிக்கு நீர் பிரியும் மாத்திரையை நிறுத்திய ஆறாவது வாரத்தில் உட்கார்ந்து 148, நின்று 136. மகன் அந்த 148ஐப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். பாட்டி முந்திக்கொண்டார்: "இப்ப ராத்திரி எழுந்தா சுவத்தைப் பிடிக்க வேண்டியதில்லைப்பா."